சைலன்சரைக் காட்டாமல் வண்டியை எடுக்காதே

பழவேற்காடு,
ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணு ரங்கனுக்கு அம்மா எழுதுவது. கங்கையம்மன் புண்ணியத்தில் நானும் நைனாவும் அண்ணி வசந்தாவும் சுகம், உன் அண்ணன் தாமோதரன் உயிரோடு இருக்கிறான். பதறாதே, பக்கத்தில்தான் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிறான். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீ “ஆர்டர் வந்துச்சும்மா”ன்னு வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன், வசந்தா இதைப் போட்டோ பிடித்து இப்போதே உனக்கு அனுப்புவாள். பாதியில் மூடிவைக்காமல் முழுசாகப் படி.

கனடாவில் நீ வாங்கின பழைய காரை வீடியோவில் காட்டினாயே, பின்னால் குழாயிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் புகை வந்ததே, அதைப் பார்த்ததிலிருந்து எனக்குப் பயம்தான். நைனாவின் போட் இஞ்சின் இப்படித்தான் வெள்ளையாகக் கக்கிவிட்டு நடுக்கடலில் நின்றுபோனது. நீ சிரித்தாய். பெட்ரோல் எரிந்தால் தண்ணீரும் உண்டாகும், அது ஆவியாக வெளியே வரும், நம்ம ஊர் வெக்கையில் கண்ணுக்குத் தெரியாது, குளிரில் வெள்ளையாகத் தெரியும், வண்டி சூடேறினால் குறைந்துவிடும் என்றாய். சரி, படித்த பிள்ளை சொல்கிறான் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

இப்போது உன் அண்ணன் கதையைக் கேள். படகைக் கழுவுகிற மாதிரியேதான் அவன் வேனையும் கழுவுவான், உனக்குத் தெரியுமே. மீனை இறக்கியதும் நேராக நம்ம உப்பு ஏரிக்குள் சக்கரம் முழுகுகிற அளவுக்கு விட்டு, உப்புத் தண்ணீரை வாரி வாரி அடித்து, நாத்தம் போச்சு என்று பெருமையாக வருவான். நல்ல தண்ணி ஊத்துடா என்றால் “குடிக்கவே இல்ல, வண்டிக்கு இன்னாத்துக்கு”ன்னு என் வாயை அடைப்பான். இங்கே எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள், படகுக்கு உப்பு ஆகும், இரும்புக்கு ஆகுமா? போன செவ்வாய்க்கிழமை இறால் ஏற்றிக்கொண்டு ஆந்திரா பக்கம் போனவன் எளாவூர் செக்போஸ்ட் வரிசையில் மாட்டிக்கொண்டான், மழை வேறு, கண்ணாடியை ஏற்றிவிட்டு இஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டுச் சாய்ந்துவிட்டான். வரிசை நகர்ந்தது, இவன் வண்டி நகரவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரர், தருமலிங்கம் என்று பெயர், ஆரன் அடித்து அடித்துப் பார்த்து, திட்டலாம் என்று இறங்கிவந்து கதவைத் திறந்தால் இவன் தலை தொங்கிக் கிடக்கிறது. அந்த மனுஷன் கோபக்காரராக இருந்ததால் என் பிள்ளை பிழைத்தான். அவரே வெளியே இழுத்துப் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார், ஆக்சிஜன் வைத்துத்தான் கண் திறந்தான்.

வேன் இப்போது டச்சுக்காரன் கல்லறைச் சுவரோரம் சும்மா நிற்கிறது. மெக்கானிக் சாலமன் அடியில் படுத்து சைலன்சரைத் தொட்டதும் அப்பளமாக உதிர்ந்தது, அந்த ஓட்டை வழியாகத்தான் புகை சீட்டுக்கு அடியில் ஏறியிருக்கிறது. வெளியே உப்பு தின்றது போதாதென்று உள்பக்கமும் துரு. பெரும்பாலும் கிட்டக்கிட்ட ஓட்டி நிறுத்துகிற வண்டியில் குழாய் சரியாகச் சூடேறாது, தண்ணீர் வெளியே போகாமல் உள்ளேயே தங்கி அரித்துவிடும் என்றார். எனக்கு உடனே நீ சொன்ன ஆவி ஞாபகம் வந்தது. நீயும் சாப்பாடு டெலிவரிக்கு நாலு தெரு ஓட்டுகிறாய், கடை வாசலில் நிறுத்துகிறாய். பனி உருக ரோட்டிலேயே உப்பைக் கொட்டுகிறார்கள் என்றும் நீதானே சொன்னாய்? உன் அண்ணனாவது ஏரியைத் தேடிப் போனான், உனக்கு ஏரி ரோட்டுக்கே வந்துவிட்டதடா.

அண்ணன் கண் திறந்ததும் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “கொஞ்ச நாளாவே வண்டில குந்துனா தலை பாரமா இருக்கும்மா, எறங்கி நடந்தா சரியாப்பூடும், தூக்கம் பத்தலன்னு நெனச்சேன்.” ரங்கா, போன வாரம் நீ போனில் இன்னா சொன்னாய்? கார்ல ஹீட்டர் போட்டுக்கினு ஆர்டருக்கு உக்காந்திருந்தா தலை வலிக்குதும்மா, வெளிய வந்தா வுட்டுப்பூடுதுன்னு சொன்னாயே! நான் தைலம் தேய்த்துக்கொள் என்றேன். ஆஸ்பத்திரி பெஞ்சில் அது நினைவுக்கு வந்ததும் நைனாவிடம் சொல்லி அழுதுவிட்டேன்.

இதைப் படிக்கும்போதும் வண்டிக்குள்தான் இருப்பாய். இஞ்சினை நிறுத்து, கதவைத் திறந்து கீழே இறங்கு. ஒரு மெக்கானிக்கிடம் அடியைக் காட்டாமல் திரும்ப ஏறாதே. குளிர்கிறது என்றால் கடைக்குள் போய் நில், விரட்டினால் விரட்டட்டும். வேலை போனால் போகிறது, ஊருக்கு வா, சோறு நான் போடுகிறேன்.

அம்மன் உனக்குத் துணை இருப்பாள், நீ நன்றாக இருக்க வேண்டும். இன்றைக்கு எனக்கு உன் முகத்தைக் காட்ட வேண்டாம், வண்டியின் அடியை வீடியோ எடுத்து அனுப்பு. வெள்ளைப் புகையைப் பார்த்து அம்மா பயந்தாள் என்று சிரித்தாய், அது கண்ணுக்குத் தெரிந்த புகையடா. உன் அண்ணனைச் சாய்த்த விஷ வாயுவுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அந்த ஊரில் உன் கார்க் கதவைக் கோபமாக வந்து திறக்க யார் இருக்கிறார்கள்?

உன் பதிலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்
உன் அம்மா,
தே. ஜெயம்மா