முகத்துவாரம் உடைக்கும் முன்

கிண்ணியா
14.09.1997

என் பிரியமுள்ள மச்சான் கதிராமனுக்கு,

உன் ஜெமீல் எழுதுகிறேன். நானும் ஸாலிஹாவும் பிள்ளைகளும் ஆண்டவன் காவலில் இருக்கிறோம். அந்தச் சுவிஸ் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு தொடங்குகிறேன். ஸாலிஹாவின் தம்பி அபூதாஹிர் நாளைக்குக் கட்டாருக்குப் போகிறான். அவன் இதைக் கையோடு கொண்டுபோய் அங்கேயிருந்து தபாலில் போடுவான். வழியில் பிரித்துப் படிக்க ஆளில்லை. ஆகவே மழை, நெல், சுகம் என்று மூன்று வரியோடு நிறுத்தாமல் மனம்விட்டு எழுதுகிறேன்.

முதலில், மலைச் சைக்கிளோடு நின்று எடுத்து நீ அனுப்பிய படத்தைப் பற்றி. என் சைக்கிள் கடைக்கு வருகிற ஒருவரையும் விடாமல் காட்டிவிட்டேன். தலையில் கவிழ்த்த சட்டி மாதிரி ஒரு தொப்பி, உழவு மெசினுக்குப் போடுகிற மாதிரி ஒரு ரயர். மலையில் சைக்கிள் ஓட என்றே வழி வெட்டி, மரத்துக்கு மரம் அம்புக்குறி போட்டு வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். அதில் என்னத்தை ஏற்றிக்கொண்டு போறாங்க எண்டு ஸாலிஹா கேட்டாள். ஒன்றும் இல்லை, சும்மா ஏறிச் சும்மா இறங்குகிறார்கள் என்றேன். அப்ப அவங்களுக்கு வீட்டில வேலவெட்டி இல்லையா எண்டாள். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. பின்னுக்கு ஏழு பல்லுச்சக்கரம் என்றால், பெரியதிலிருந்து சின்னதுக்குச் செயின் மாறும்போது தொங்குகிற மிச்சச் செயினை எது பிடித்து இழுக்கிறது? முன் கவட்டைக்குள் இருக்கிற ஸ்பிரிங்குக்குள் மணல் போகாதா? எங்கள் காரை முள் குத்தினால் அந்தத் தடித்த ரயர் தாங்குமா? ஒன்றையும் விடாமல் எழுது. முடிந்தால் கீறியும் அனுப்பு.

இனி உன் விஷயம். இரண்டு கேட்டிருந்தாய். ஒன்று, பள்ளிக்கூடக் காலத்தில் நாம் இரண்டு பேரும் கண்டுபிடித்த வழி, காட்டுக்குள்ளால் போய், மலையைத் தாண்டி, கடற்கரையில் இறங்கி, முகத்துவாரத்தைக் கடந்து வெருகல் பக்கம் உங்கள் ஊருக்குப் போகிற அந்த வழி, இன்னும் இருக்கிறதா என்று. மற்றது, நீ பேசி அனுப்பிய கசெற்றை உன் அப்பாவுக்குப் போட்டுக் காட்ட ஏலுமா என்று. ஏழு வருடமாக உன் கடிதம் ஒன்றுக்கும் உன் அப்பா வேலாப்போடி ஐயா பதில் போட்டதில்லை. கசெற்றின் கடைசியில், நான் ஒருக்கா வரட்டா அப்பா என்று நீ கேட்கிறாய். அதற்கு அவர் சொல்வதை ஒரு சொல் மாறாமல் எழுதச் சொன்னாய்.

போனேன் மச்சான். போன கிழமை போனேன். வழி இருக்கிறது. மற்றதை அதனதன் இடத்தில் எழுதுகிறேன், பொறு.

உன் சைக்கிளில்தான் போனேன். ரியூப் ஒட்டிக்கொண்டு மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்று அப்பாவிடம் சொல்லி, என் கடைச் சுவரில் சாத்திவிட்டுக் கொழும்பு பஸ் ஏறினாயே, அதே றலி சைக்கிள். மறுநாள் ஐயா தேடி வந்தபோது, கதிராமன் இந்தப் பக்கமே வரவில்லை என்று சொன்னவன் நான். சைக்கிளைப் பின்னுக்குச் சாக்கு போட்டு மூடியிருந்தேன். நீ கேட்டபடிதான் சொன்னேன். என்றாலும் பொய் பொய்தானே. அதற்குப் பிறகு அவர் முகத்தில் முழிக்க எனக்குத் தைரியம் வரவில்லை. உன் அம்மாவின் செத்தவீட்டுக்குக் கூடப் போகவில்லை. உனக்காகப் போனேன் என்று நீ நினைக்காதே, எனக்காகவும்தான் போனேன்.

இயக்கத்தின் பிடியில் இருக்கிற அந்தப் பக்கத்துக்குப் பற்றரி கொண்டுபோக ஆமி விடாது. கசெற்றைப் போடுவது எப்படி என்று இரண்டு நாள் யோசித்தேன். சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதற்குக் கரண்டை ஒரே பக்கமாக ஓட வைக்கிற நாலு டயோட் வேண்டும், அரிசிமணி அளவுதான். ஓட்டிவைத்துப் பார்த்தால் எங்கள் பழைய ரேப் றெக்கோடர் பாடியது. அதன் மோட்டரில் வேகத்தை அளவாக வைத்திருக்கிற பகுதி எப்போதோ கெட்டுப்போய்விட்டது. அது பெரிய காரியமில்லை என்று விட்டுவிட்டேன். அந்தப் பிழையைப் பிறகு சொல்கிறேன். டயோட்டைக் கண்டால் குண்டுக்கு என்பார்கள். ஆகவே சைக்கிள் மணியின் மூடியைக் கழற்றி உள்ளே வைத்துப் பூட்டினேன். ஆமிக் காவல் சென்றியில் ரேப்பைத் திறந்து பார்த்தார்கள், பற்றரி இல்லை. பாடாத ரேப்பை எங்கே சுமக்கிறாய் என்று சிரித்தார்கள். ஒரு பொடியன் விளையாட்டுக்கு மணியை அமத்தினான். சத்தமில்லை. கறல் பிடிச்சிட்டு சேர் எண்டேன். எண்ணெய் போடு என்று புத்தி சொல்லி விட்டான்.

தோப்பூர் தாண்டிக் காட்டுக்குள் இறங்கியதும் பயம் போய் ஆசை வந்துவிட்டது. நாம் போன தடத்தில் முள் அடைத்துக் கிடக்கிறது. ஆனால் வேறொன்று கண்டேன். மலையடியில், நாம் இருவரும் சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறுவோமே, அந்தக் கல்லுக்கு இடப்பக்கமாக யானைத்தடம் ஒன்று போகிறது. எங்கே போகிறது என்று பார்க்காமல் இருக்க ஏலவில்லை. லத்தி காய்ந்திருந்தது, துணிந்து உருட்டினேன். நேரே ஏறாமல் வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒரு இடத்தில்தான் இறங்கித் தள்ளினேன். அவ்வளவு பெரிய உடம்பைக் கொண்டு ஏறுகிற யானைக்குத் தெரிந்த சரிவு, நமக்கு நாலு வருடம் தெரியாமல் போயிற்றே என்று தனியே நின்று சிரித்தேன். உச்சியில் கல்லிடுக்கில் தண்ணீர் இருக்கிறது. அங்கேயிருந்து பார்த்தால் ஒரு பக்கம் களப்பு, ஒரு பக்கம் கடல். இறக்கத்தில் பின் பிரேக் கட்டை ஒன்று கழன்று போனது. செருப்புக் காலை ரயரில் அமத்திக்கொண்டுதான் வந்து சேர்ந்தேன். உன் சுவிஸ்காரருக்கு இந்த வித்தை தெரியுமா?

கடற்கரையில் பழைய வழக்கம்தான். ரயரில் பாதிக் காற்றைத் திறந்துவிட்டு, அலை நனைத்த மணலோடு ஓட வேண்டும். கொஞ்சம் மேலே போனால் புதைகிறது, கொஞ்சம் கீழே போனால் செயினுக்கு உப்பு. முகத்துவாரம் மணல் மூடிக் கிடக்கிறது. நடுவிலே சைக்கிளை நிறுத்தி, சும்மா ஒருதரம் சுற்றிவந்தேன். மாரி வந்து களப்பு நிரம்பினால் அந்த இடம் உடைத்துக்கொண்டு ஆள் தாழ்கிற ஆறாகிவிடும். அதற்குப் பிறகு தை முடியும்வரை இந்த வழி கிடையாது.

ஐயா முருங்கைக்குக் கீழே வேலி கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கண்ணில் பூ விழுந்துவிட்டது, மற்றதும் மங்கல்தான். ஆனால் உன் செயின் கவர் அடிக்கிற சத்தத்துக்கு எழும்பிவிட்டார். யார் என்று கேட்கவில்லை. வந்து சீற்றைத் தடவினார், ஹாண்டிலைத் தடவினார், மணியை அமத்தினார். மணிய என்ன செய்தநீ மகன் எண்டுதான் கேட்டார். ஏழு வருடத்துக்குப் பிறகு என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது. நான் மணியை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் சொன்னேன். அன்று பொய் சொன்னேன் ஐயா என்றேன்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சாக்குக்குக் கீழால முன் சில்லு தெரிஞ்சது மகன், கண்டுதான் திரும்பி வந்தனான் எண்டார். போறவன மறிக்கிற ஆளா நான், கேட்டிருந்தா நானே கூட்டிவந்து பஸ் ஏத்தி விட்டிருப்பன், ஒரு வார்த்த கேக்கல்லையே எண்டார். கதிராமன், அவர் கோபம் நீ போனதற்கு இல்லை. இத்தனை வருடம் நாம் இருவரும் வேறு எதற்கோ பயந்துகொண்டிருந்திருக்கிறோம்.

மணியைக் கழற்றி டயோட்டை எடுத்து, டைனமோவுக்கும் ரேப்புக்கும் நடுவே வயரில் கட்டினேன். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, கையால் பெடலைச் சுற்றினேன். மெதுவாகச் சுற்றினால் நீ எருமை மாதிரிக் கதைக்கிறாய். அந்தப் பதற்றத்தில் நான் வேகமாகச் சுற்றிவிட்டேன். உன் குரல் ஏறிச் சின்னப் பொடியன் குரலாகிவிட்டது. மோட்டரைத் திருத்தாமல் வந்ததற்கு என்னையே ஏசிக்கொண்டு கையைக் குறைத்தேன். ஐயா என் தோளைப் பிடித்தார். குறைக்காத மகன், இப்பிடித்தான் கதைப்பான், பத்துப் பன்னிரண்டு வயசில இப்பிடித்தான் கதைப்பான் எண்டார். அரை மணித்தியாலம் அதே வேகத்தில் சுற்றினேன் மச்சான். நீ பனியையும் ரெஸ்ரோறன்ட் குசினியையும் பற்றிச் சொல்வதெல்லாம் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் குரலில் வந்தது. கடைசியில் அந்தக் குரல்தான் கேட்டது, நான் ஒருக்கா வரட்டா அப்பா என்று.

அந்த இடத்த இன்னொருக்காப் போடு எண்டார். போட்டேன். இன்னொருக்கா எண்டார். மூன்றாம் தரத்துக்குப் பிறகு, இப்ப கேக்கிறான் எண்டு தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு கடல் பக்கம் திரும்பி, முகத்துவாரம் உடைக்க இன்னும் எத்தினை நாள் இருக்கும் மகன் எண்டு என்னைக் கேட்டார். முப்பது வருடமாக அந்த முகத்துவாரத்தில் வலை வீசினவர் என்னிடம் கேட்கிறார். ஒன்றரை மாதம் இருக்கும் ஐயா என்றேன்.

நான் திரும்ப வெளிக்கிடும்போது சைக்கிளையும் ரேப்பையும் அங்கேயே விடச் சொன்னார். எனக்கு வேறு வழி இல்லை. மீன்காரன் ஒருவனின் கரியரில், மீன் பெட்டிக்கு மேலே குந்திக்கொண்டு தோப்பூர் வந்து சேர்ந்தேன். மீன் மணத்துக்கு ஸாலிஹா இரண்டு நாளாக என்னைக் குசினிக்குள் விடவில்லை.

வா என்று எழுத எனக்குப் பயமாக இருக்கிறது. நாடு நீ விட்டுப்போனதை விட மோசம். வராதே என்று எழுதவும் கை வரவில்லை. வழியைக் கேட்டாய், எழுதிவிட்டேன். உன் அப்பாவின் பதிலைக் கேட்டாய், அதையும் ஒரு சொல் மாறாமல் எழுதிவிட்டேன். இந்தக் கடிதம் உன் கையில் கிடைக்கும்போது அந்த ஒன்றரை மாதத்தில் எத்தனை நாள் மிச்சம் என்று நீயே எண்ணிப் பார். மணியைத் திரும்பப் பூட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். வேலிக்கு இந்தப் பக்கம் வந்த பிறகும் அவர் அதை அடித்துக்கொண்டிருந்தது கேட்டது.

எந்த வழியால் வந்தாலும் அந்த வழியை ஆண்டவன் உனக்கு இலேசாக்கித் தரட்டும்.

உன் பொய்க்குச் சாட்சி நின்று, மன்னிப்பிலும் பங்கு வாங்கிக்கொண்டு வந்த,
ஜெமீல்