சைக்கிள் தழும்பு

மார்ச் 4

பொடியனின் அப்பாவுக்கு,

'அன்புள்ள' என்று எழுத இன்று கை வரவில்லை.

நேற்று பள்ளியில் சேர்ப்பதற்கு முன் பரிசோதனை. டாக்டரம்மா அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒரு விதை பைக்குள்ள இறங்கவே இல்லையேம்மா. ஒன்றரை வயசுக்குள்ள ஆபரேஷன் பண்ணியிருக்கணும். நாலு வயசு வரைக்கும் என்ன பண்ணீங்க?" என்றார்.

என்ன பண்ணினேன்? உங்களை நம்பினேன். அவனுக்கு எட்டு மாதம் ஆனபோதே நான் கேட்டேன். "எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு, தானா இறங்கிடுச்சு. டாக்டர் கிட்டல்லாம் போகாதே" என்றீர்கள்.

இன்று ஆபரேஷன் செய்கிற டாக்டர், எங்கே கீறுவார் என்று தாளில் வரைந்து காட்டினார். தொடைக்கு மேலே, சாய்வாக. நான் தையல்காரி, வெட்டுக்கோடு எனக்கு மறக்காது. அதே கோடு உங்கள் உடம்பில் இருக்கிறது. சைக்கிளில் விழுந்தது என்றீர்களே, அது எந்த சைக்கிள்?

ஆபரேஷன் இருபதாம் தேதி.

இன்னும் உங்கள் மனைவியாக இருப்பவள்

மார்ச் 11

அன்புத் தங்கத்துக்கு,

சைக்கிள் இல்லை. பதினோரு வயதில் எனக்கும் ஆபரேஷன் நடந்தது. பள்ளிக்குத் திரும்பினால், விஷயம் எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. வாத்தியார் உட்பட எல்லாரும் 'ஒத்தை' என்றே கூப்பிட்டார்கள், பள்ளி முடியும் வரைக்கும். அவனுக்கும் அந்தப் பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தில் பொய் சொன்னேன்.

இங்கே வெல்டர் நான் ஒருவன்தான், இப்போது லீவு தர மாட்டார்கள். நான் வரும்வரை தள்ளிப் போடேன். யார் கேட்டாலும் குடலிறக்கம் என்று சொல்லிவிடு.

உன்னவன்

மார்ச் 23

பொடியனின் அப்பாவுக்கு,

தள்ளிப் போடவில்லை. நீங்கள் மூன்று வருஷம் தள்ளிப் போட்டதே போதும். குடலிறக்கம் என்றும் யாரிடமும் சொல்லவில்லை.

விதையை இறக்கிப் பைக்குள் வைத்துவிட்டார்கள். அன்று மாலையே வீட்டுக்கு வந்துவிட்டோம். தையலில் நானே குறை சொல்ல முடியாது. அவன் தூங்க, பக்கத்தில் உட்கார்ந்து உங்களை வாய் ஓயாமல் திட்டினேன். அந்த வாத்தியாரையும் சேர்த்துத்தான். பதினோரு வயசுப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. முப்பத்தாறு வயசுக்காரர் மேல் இன்னும் ஆறவில்லை.

இவனோ பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் சட்டையைத் தூக்கிக் காட்டுகிறான். "எங்கப்பாவுக்கும் இதே இருக்கு!" என்று பெருமை வேறு. நான்தான் சொன்னேன்.

இன்று காலை கேட்டான்: "அப்பா அப்போ அழுதாரா?"

எட்டு வருஷம் உங்களோடு வாழ்ந்தும் எனக்குத் தெரியவில்லை. அவனுக்கு நீங்களே எழுதுங்கள். அதில் சைக்கிள் வந்தால் படித்துக் காட்டாமல் கிழித்துப் போடுவேன்.

பொடியனின் அம்மா