ஆறாவது ஓட்டு

டார்னிக், நெப்ராஸ்கா
மார்ச், ஞாயிறு மதியம்

அன்பு மகள் லெனோராவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நான் நலம். உன் தங்கை டெசாவும் உடம்புக்கு நலம்தான். உன் கப்பல் இப்போது எந்தக் கடலில் நிற்கிறதோ தெரியவில்லை. கடற்படை முகவரிக்குப் போட்டால் எங்கிருந்தாலும் வந்து சேரும் என்று நீ சொன்னதை நம்பிப் போடுகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் நீ விசேஷம் கேட்டதும் எனக்கு மழையைத் தவிர வேறெதுவும் வாயில் வராது, அது உனக்கே தெரியும்.

பசுக்கள் கன்று போட்டு முடித்துவிட்டன. ஒரு கன்று மட்டும் பனியில் பிழைக்கவில்லை. மக்காச்சோள விலை எழுந்திருக்கிற மாதிரி தெரியவில்லை. மாதா கோயில் விருந்துக்கு இந்த வருடம் கொலாச்சி ரொட்டியைக் கடையில் வாங்கி வைத்தார்கள். உன் அம்மா ரோசலி சுட்டதைத் தின்ற ஊர், ஒருவரும் இரண்டாவது எடுக்கவில்லை.

சுற்றி வளைத்தது போதும். நம் பள்ளியின் பெரிய வகுப்புகள் வருகிற மே மாதத்தோடு முடிகின்றன. கோல்வெல் பள்ளி மாவட்டத்தோடு நாம் சேர்கிறோம். பள்ளி வாரியத்தில் ஆறு பேர் இருக்கிறோம், ஆறாவதாக ஓட்டுப் போட்டு அதை முடித்து வைத்தவன் நான்.

கூடுதல் வரிக்கு ஊரைக் கேட்டு, ஊர் முடியாது என்று சொன்னதை முன்பே எழுதியிருந்தேன். எனக்கு அவர்கள் மேல் கோபமில்லை. நிலத்தின் மதிப்பை ஏற்றிவிட்டார்கள், விளைந்ததன் விலையோ இறங்கிவிட்டது. சொத்து வரிச் சீட்டு வருகிற அன்று வீட்டுக்கு வீடு சண்டை. மாநில அரசிடம் கை நீட்டினால், இவ்வளவு நிலம் வைத்திருக்கிறீர்கள், நீங்கள் பணக்கார மாவட்டம், உங்களுக்கு எதற்கு உதவி என்கிறது. வாத்தியாருக்குச் சம்பளமாக அரை ஏக்கரை வெட்டிக் கொடுக்கவா முடியும்? இரண்டு வருடமாகக் கணக்கு வாத்தியார் கிடையாது. பெரிய பிள்ளைகள் வேறெங்கோ இருக்கிற ஒருவரைத் திரையில் பார்த்துப் படிக்கிறார்கள். கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் மணி அடித்துவிடுகிறது என்று டெசாவே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

கோல்வெல்காரர்கள் ஒரு ஒப்பந்தம் அனுப்பினார்கள். இந்த வருடமே நாமாக வந்து சேர்ந்தால், ஐந்தாம் வகுப்பு வரை சின்னப் பிள்ளைகளுக்கு நம் கட்டடத்திலேயே பத்து வருடம் பள்ளி நடக்கும். சேமிப்பைத் துடைத்தெடுத்தால் நாமே தனியாக இன்னும் ஒரு வருடம் ஓட்டலாம். ஆனால் அதற்குப் பிறகு வெறுங்கையோடு போய் நின்றால் எந்த வாக்குறுதியும் கிடையாது. அந்த ஒரு வருடம்தான் டெசாவின் கடைசி வருடம்.

உன் பட்டமளிப்பு நினைவிருக்கிறதா? வாரியத்தில் இருப்பவர் தன் பிள்ளைக்குத் தன் கையாலேயே சான்றிதழ் கொடுப்பது வழக்கம் என்பதால் உனக்கு அம்மா கொடுத்தாள். கை குலுக்கியதோடு நிற்காமல் உன்னைக் கட்டிக்கொண்டதில் உன் தொப்பி கீழே விழுந்தது. டெசா அன்று என் மடியில் இருந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி, "எனக்கும் நீங்கதான் குடுக்கணும்மா" என்று கத்தினாள். அம்மாவும் மேடையிலிருந்தே தலையாட்டினாள். அம்மா இறந்த பிறகு அவளுடைய காலி இடத்துக்கு வா என்று வாரியம் என்னைக் கேட்டது. நான் சரி என்றது நிர்வாகம் தெரிந்தல்ல, அந்த ஒரு மாலைக்காகத்தான். கூரை ஒழுகல், பேருந்து டயர் என்று பேசித் தீராத கூட்டங்களில் எல்லாம் அந்த மாலையை நினைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன்.

பிப்ரவரிக் கூட்டம் பள்ளி நூலகத்தில் நடந்தது. உட்கார இடமில்லாமல் பாதிப் பேர் நின்றார்கள். ஆளுக்கு மூன்று நிமிடம் பேசலாம். எர்வின் கிழவர் எழுந்து, "கோல்வெல்காரனால நம்ம பசங்கள மைதானத்துல ஜெயிக்க முடியல. இப்ப நம்ம கையெழுத்த வாங்கியே ஜெயிக்கப் பாக்குறான்" என்றார். ஒரே கைதட்டல். கடைசியில் தானியக் கிடங்கில் வேலை செய்யும் ஒரு பெண் எழுந்தாள், இடுப்பில் குழந்தை. "எனக்குப் பந்தாட்டம் தெரியாது. எம் பொண்ணுக்கு நாலு வயசு. இருட்டோட எழுப்பி அவ்ளோ தூரம் பஸ்ல அனுப்ப என்னால முடியாது. சின்னதுங்க பள்ளிக்கூடம் இங்கயே இருக்கும்னா எனக்கு அது போதும்" என்றாள். அவளுக்கு யாரும் கைதட்டவில்லை.

பெயர் வரிசைப்படி ஓட்டுக் கேட்டார்கள். ஜெலென்காவுக்கு ஆங்கிலத்தில் முதல் எழுத்து இசட், எந்த வரிசையிலும் கடைசிதான். எனக்கு முன்னால் மூன்று பேர் ஆம், இரண்டு பேர் இல்லை. இல்லை என்றவர்களில் உன் விளாஸ்டா அத்தையும் ஒருத்தி. நானும் இல்லை என்றால் சரிசமம், தீர்மானம் விழுந்துவிடும், டெசாவுக்கு அவள் வருடம் கிடைத்துவிடும். அவள் அம்மாவின் பழைய பச்சை ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு புத்தக அலமாரியில் சாய்ந்து நின்றாள். என் பெயரைக் கூப்பிட்டதும் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குத் துளியும் சந்தேகம் இல்லை.

நான் ஆம் என்றேன்.

வரும் வழியில் காரில் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "அங்க உங்களுக்கு ஒரு நாற்காலி போட்டுத் தர்றேன்னாங்களா?" அதற்குப் பிறகு என்னோடு பேச்சில்லை. சமைத்து வைத்தால் சாப்பிடுகிறாள், தட்டைக் கழுவி வைக்கிறாள், மாடி ஏறிவிடுகிறாள். முந்தைய நாளே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும், லெனோரா. கூட்டத்துக்கு முன்னால் ஓட்டை வெளியே சொல்லக்கூடாது என்று வக்கீல் சொன்னதைப் பிடித்துக்கொண்டேன். உண்மையில் எனக்குத் தைரியம் இல்லை. ஊரோடு ஊராக நின்று தெரிந்துகொள்ளும்படி என் மகளை விட்டுவிட்டேன்.

நாற்காலி ஒன்று இருக்கத்தான் செய்தது. புது வாரியத்தில் நம் ஊருக்கு ஓர் இடம். இந்த மாதக் கூட்டத்தில் தலைவர் என்னைத்தான் பார்த்தார். "நீயே போ லாட். உம் பொண்ணு அங்கதானே முடிக்கப் போறா" என்றார். போயிருந்தால் அடுத்த மே மாதம் கோல்வெல் மேடையில் டெசாவின் சான்றிதழோடு நான் நின்றிருப்பேன். சரி என்று வாய்வரை வந்துவிட்டது. அந்தக் கிடங்குப் பெண்ணின் நாலு வயதுக் குழந்தை நினைவுக்கு வந்தது. பத்து வருட வாக்கை அவர்கள் மறக்காமல் பார்த்துக்கொள்ள, எதிர்த்து நின்ற ஆள்தான் அங்கே உட்கார வேண்டும். மூடியவனே போய் உட்கார்ந்தால் அந்த ஓட்டுக்கு என்ன மரியாதை? விளாஸ்டாவின் பெயரைச் சொன்னேன்.

வெளியே வண்டிக்குப் பக்கத்தில் என்னை மடக்கினாள். "கிறுக்கா உனக்கு? உனக்கு எதிரா ஓட்டுப் போட்டவ நான்" என்றாள். அதனால்தான் என்றேன். "அப்ப டெசாவுக்கு நான்தான் குடுக்கணும். ரோசலி இருந்தா என்னக் கொன்னுருப்பா" என்று சொல்லி அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு அன்றுதான். டெசாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். நீயும் சொல்லாதே. அப்பாவுக்குப் பாவம் பார்த்துப் பேசுகிற பேச்சு எனக்கு வேண்டாம்.

இப்போது இந்தக் கடிதம் எழுதுவதற்கான காரணம். நேற்றுப் பாத்திரம் கழுவிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், டெசா கேட்டாள். "அம்மா இருந்திருந்தா எப்படி ஓட்டுப் போட்டிருப்பாங்க?" இத்தனை நாளைக்குப் பிறகு பேசினாளே என்று சந்தோஷப்பட்டேன். தெரியலம்மா என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டேன். பசுக்களுக்கு அப்போது என்னால் ஆக வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

நிஜமாகவே எனக்குத் தெரியவில்லை. இரவெல்லாம் யோசித்துப் பார்த்தேன், ரோசலியின் குரலே வரவில்லை. டெசாவுக்குக் கிடைத்ததைவிட உனக்கு அம்மா அதிக வருடம் கிடைத்தாள். வாரியக் கூட்டம் முடிந்து வந்து சமையலறையில் உன்னிடம்தான் எல்லாவற்றையும் கொட்டுவாள். டெசாவுக்கான பதிலை நீ எழுது. அம்மாவும் இதைத்தான் செய்திருப்பாள் என்றால் அப்படியே எழுது. செய்திருக்க மாட்டாள் என்று தோன்றினால் அதையும் அப்படியே எழுது, நான் தாங்கிக்கொள்வேன். கடிதத்தை டெசாவின் பெயருக்கே போடு. நான் பிரிக்க மாட்டேன்.

உன்னையும் உன்னோடு கப்பலில் இருக்கிற பிள்ளைகளையும் கடவுள் பத்திரமாகக் கரை சேர்க்கட்டும்.

உன் அப்பா,
லாட் ஜெலென்கா

பி.கு. ஆகஸ்டிலிருந்து அவள் தானே கார் ஓட்டிக்கொண்டு கோல்வெல் போக வேண்டும். ஓடைப் பாலம் தாண்டியதும் விடியற்காலையில் மான் குறுக்கே வரும். ஒன்று போனதும் வேகம் எடுக்கக்கூடாது, பின்னாலேயே இன்னொன்று வரும். இதை நான் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள். நீ சொல்வதாக எழுது.