மிதாலி பிடித்து வைத்த ஈவென்ட்

ஜூலை 2003, வியாழன் இரவு

மிதாலி வாங்கிய திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த பெண். அவள் பைத்தானில் எழுதிய படம் வரையும் புரோகிராம், மவுஸை நாலு தடவை கிளிக் செய்தால் தானாக மூடிக்கொண்டது. "இதுகூடத் தெரியாமல்தான் வேலைக்கு வந்தாயா?" என்று டீம் லீடர் எல்லார் முன்னாலும் கத்தினார்.

மத்தியானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒவ்வொரு கிளிக்கும் எங்கே விழுந்தது என்ற விவரத்தோடு வரும் ஈவென்ட் ஆப்ஜெக்டை, நாலு சேர்ந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு லிஸ்டில் போட்டு வைத்திருந்தாள். அதெல்லாம் அப்போதே போயிருக்கும் என்றேன்.

"நான் பிடித்து வைத்திருக்கும்போது அது எப்படிப் போகும், ஜானகிதி?" என்று கேட்டாள். வங்காளியில் 'தி' என்றால் அக்கா.

நியாயமான கேள்வி. நாம் பிடித்து வைத்திருக்கும் வரை எதையும் அழிக்காமல், பைத்தான் அப்படித்தான் நம்மைப் பழக்கியிருக்கிறது. ஆனால் ஜன்னலும் பட்டனும் வரைகிற டூல்கிட் உள்ளே சி பிளஸ் பிளஸ் என்ற வேறு மொழியில் எழுதியது. கிளிக்கைக் கவனிக்கும் ஃபங்ஷன் முடிந்த கையோடு ஈவென்டை அது அழித்துவிடும். நம்மிடம் மிஞ்சுவது வெறும் கூடு. அதைத் தொட்டால் புரோகிராம் விழும். கிளிக் விழுந்த இடத்தின் எண்களை மட்டும் ஃபங்ஷனுக்குள்ளேயே எடுத்து வைக்கச் சொன்னேன். சரியாகிவிட்டது. இதை எந்த மேனுவலில் முதல் பக்கத்தில் போட்டிருக்கிறான்? நானாக இருந்தாலும் அவள் செய்ததைத்தான் செய்திருப்பேன்.

சாயங்காலம் வாசலில் லீடர் எல்லாருக்கும் ஜால்முரி என்ற காரப்பொரி வாங்கினார். "சாப்பிடு மிதாலி, ஏன் உம்மென்று இருக்கிறாய்?" என்று சிரித்தார். நடிப்பில்லை. அவருக்கு அது கத்தி முடித்ததுமே முடிந்துபோன விஷயம்.

அவள் ஒரு வாய்கூடப் போடவில்லை. கரியாஹாட் பஸ் வந்ததும் அந்தப் பொட்டலத்தை அப்படியே பிடித்துக்கொண்டு ஏறினாள்.