கேமராவுக்குப் பின்னால் பேசியது

பிப்ரவரி 10, திங்கள்

பேரன் ரெனால்ட் நவி மும்பை கோபர்கைரனேயில் பாங்க் ஆபீசர். ஜெஸி பத்தாவதில் தொண்ணூற்றொரு சதவீதம். ஸ்வீட்டி நர்ஸ், முந்தாநாள் கல்யாணமும் ஆயிற்று, மாப்பிள்ளை அணுசக்தி நகர் என்ஜினீயர். கடைசிப் பேரன் ரிஜோ, எங்கள் தாராவியில் யார் கல்யாணத்துக்கும் வீடியோ அவன்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் பேரப்பிள்ளைகள்! மாதாவே, கண் படாமல் பார்த்துக்கொள்.

ஞாயிறு மாப்பிள்ளை வீட்டார் விருந்துக்கு வருகிறார்கள். கல்யாண வீடியோவை டிவியில் போட்டுக் காட்டுவோம்.

பிப்ரவரி 11

ரிஜோ கேமராவில் இருந்ததைக் கம்ப்யூட்டரில் ஏற்றினான். எடிட்டிங் சாஃப்ட்வேரில் திறந்தால் ஒரே கறுப்பு.

"கேமரா புதுசு, சாஃப்ட்வேர் பழசு ஆச்சி. இந்த ஃபைல் அதுக்கு ஒத்துக்கல. சத்தம் மட்டுந்தான் வருது."

சத்தம் வந்தது. யார் சத்தம்? என் சத்தம்!

"மாப்பிள்ளையோட ஆச்சி, அந்த ரோசம்மா சேலையப் பாத்தியா? சன்னல் திரைய உருவிக் கட்டிட்டு வந்துட்டா."

ஐயோ! கேமரா மாதா கோவில் பீடத்தைத்தானே பார்த்துக்கொண்டிருந்தது? நான் அதுக்கு முதுகுப் பக்கம்லா உக்காந்திருந்தேன்? பின்னாடி பேசுனா அதுக்கு எப்படிக் கேக்கும்?

ரிஜோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

பிப்ரவரி 12

மாதாவே, ஞாயிறு வரைக்கும் அந்தப் படம் திறக்கவே கூடாது.

பிப்ரவரி 13

ஃபைலை மாற்றித் தர வேறொரு சாஃப்ட்வேர் இருக்கிறதாம். படமும் வருமாம், சத்தமும் வருமாம்.

"சத்தத்த எடுத்துருல, என் ராசால்லா."

"எடுத்தா சாமியார் பிரசங்கமும் போயிருமே ஆச்சி."

"போவட்டும். வருசா வருசம் அதையேதான சொல்லுதாரு."

மீன் குழம்பு வைத்துக் கொடுத்தேன். மூன்று தட்டு சாப்பிட்டான். சரி என்று மட்டும் சொல்லவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

படம் கண்ணாடி மாதிரி. ஸ்வீட்டி தேவதைதான். பேச்சுச் சத்தமே இல்லை, நெடுகப் பாட்டு. அப்பாடா என்று மூச்சு விட்டேன். பக்கத்தில் ரோசம்மாளும் மூச்சு விட்டாள். அவளுக்கு என்ன வந்தது?

ரிஜோவை அடுக்களையில் மடக்கினேன்.

"கேமராவுல எல்லாச் சத்தமும் விழுமான்னு அவங்க போன்ல கேட்டாங்க ஆச்சி. ஆமான்னேன். நேத்து அல்வா டப்பாவோட வந்து, சத்தத்த எடுத்துருப்பான்னு நின்னாங்க."

கேமராவுக்குப் பின்னால் அந்தப் பக்க ஓரத்தில் அவளும் உட்கார்ந்திருந்தது இப்போதுதான் நினைவு வருகிறது.

"என்னப் பத்தி என்னல சொன்னா?"

"அரே ஆச்சி, டென்ஷன் எதுக்கு? நீங்க ரெண்டு பேரும் பராபர், சரிக்குச் சரி."

சொல்ல மாட்டேன் என்கிறானே பாவி!

ரோசம்மாள் அதே சேலையில்தான் வந்திருந்தாள். போகும்போது, "சேலை அம்சமா இருக்கு" என்றேன். "உங்க கண்ணுக்குத்தான் தெரியுது" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ரிஜோ அவளிடமும் 'பராபர்' சொல்லியிருப்பான் போல, இரண்டு பேருக்கும் சிரிப்பு அடங்கவில்லை.

ஏல ரிஜோ, எங்களை இப்படியே ஒரு போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போடு. வீடியோ வேண்டாம். போட்டோதான் நல்லது, அதுக்குக் காது கேட்காது.