நான்காவது காரணம்

இன்று காலை உன் பெயருக்கு நேரே காரணம் கேட்டு நின்றது கணினித் திரை. போர்ட் கிள்ளான் துறைமுக அலுவலகம், உன் பழைய மேசை, நீ ஒட்டிவைத்த முருகன் படம். நீ போன பிறகு இந்த டேட்டாபேஸை அறிந்தவர் யாரும் இல்லையாம்; என்னைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நீ வெளியேற்றிய என்னை.

பணியாளர் பிரிவு கவிதா வந்து நின்றாள். "அண்ணே, பாஸ் இறந்துட்டாருன்னு போட்டா சிஸ்டம் ஏத்துக்க மாட்டேங்குது லா. நாலு காரணத்துல ஒன்னுதான் போடணுமாம்."

அவரவர் கண்டதை எழுதக்கூடாது என்று, வேலையை விட்ட காரணத்துக்குத் தனியாக ஒரு தரவு வகையை அன்று வகுத்தவர்கள் நீயும் நானும்தான். பட்டியலில் உள்ள சொல்லை மட்டும் அது ஏற்கும். ரயில் நிலையத்துக்கு எதிர்க்கடையில் நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் தேநீர் ஆறிக்கொண்டிருக்க, ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் மூன்றை எழுதினோம்: ராஜினாமா, ஓய்வு, ஒப்பந்த முடிவு. இறப்பையும் சேர்க்கலாம் என்றேன்.

"டேய், சாகறவன் ஃபாரம் நிரப்பிட்டா சாவான்? வேணாம் லா." சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாய்: "சேர்க்கறப்பவே யோசிக்கணும்டா. ஒன்னு உள்ள போயிட்டா அப்புறம் எடுக்க முடியாது."

நான்காவதை நீ யோசித்துத்தான் சேர்த்திருப்பாய். நீ மேலாளரான வருடம், இரண்டு நாள் கன்டெய்னர் பதிவுகள் அழிந்தது உன் கைத்தவறால் என்று கூட்டத்தில் சொன்னேன். உண்மைதான், உனக்கும் தெரியும். மறுவாரம் என் நாற்காலி போனது. என் ஒருவனுக்காகப் பட்டியல் நீண்டது: 'ஒத்துப்போகாதவர்'. அதன் பிறகு நான் வேலை கேட்டுப் போன இடங்களிலிருந்து இங்கேதான் போன் செய்து விசாரித்தார்கள். அந்தச் சொல் எனக்கு முன்பே அங்கெல்லாம் போய் உட்கார்ந்திருந்தது.

"நாலாவதையே போட்டுடவா அண்ணே? யாரு பார்க்கப்போறா?"

சரி என்ற சொல் வாய்வரை வந்தது. உன் பெயருக்கு நேரே அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசை என்று அவளுக்குத் தெரியாது. ஆனால் நீ ஒத்துப்போகாமல் போகவில்லை, செத்துப்போனாய். பொய்யை உள்ளே பதிவுசெய்கிற ஆள் நான் இல்லை; அது உன் வேலை.

ஒரே ஒரு கட்டளை வரி எழுதினேன். ஐந்தாவதாக 'இறப்பு' சேர்ந்தது. சிஸ்டம் உன்னை ஏற்றுக்கொண்டது.

நான்காவதை நீக்க வழியில்லை. வேறு சொல்லாக மாற்றலாம், அதற்கும் ஒரு வரி போதும். மாற்றவில்லை. நீ எழுதியது அப்படியே இருக்கட்டும். அந்தச் சொல்லுக்கு நேரே இன்னும் நான் ஒருவன்தான்.