துருவேறிய குடுவையும் ஒரு சம்பந்தமும்

புதுச்சேரி
16 நவம்பர் 2006

அன்பு மகள் அலெக்சாந்த்ராவுக்கு அம்மா எழுதுவது. மாதா தயவில் நானும் அப்பாவும் சுகம், அந்தக் குளிர் தேசத்தில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமலிருக்க வேண்டிக்கொள்கிறோம். போனில் நீ அழுததிலிருந்து எனக்கு எதிலும் மனம் நிற்கவில்லை. உயிர் தோன்றுமுன் கடலடியில் இருந்ததுபோல இரும்பும் கந்தகமும் போட்டுக் குடுவையில் காய்ச்சிய நீரில் மறுபடியும் வெளிக்காற்று புகுந்து துருவேறிவிட்டது, போதும், ஆராய்ச்சியை விட்டுவிட்டு நீங்கள் பார்த்த மாப்பிள்ளைக்கே சரி சொல்கிறேன் என்றாய். அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை நடந்ததை எழுதுகிறேன்.

பூசை முடிந்து மாப்பிள்ளையின் அப்பா இராயப்பன் வீட்டுக்கு வந்தார். சிரித்துப் பேசிக்கொண்டிருந்தவர், "உயிரு தண்ணியிலேருந்து தானா வந்துச்சுன்னு சொல்ற வேலையாமே, கோயில் குடும்பம் நாங்க, அத விட்டுட்டா ஜனவரில கல்யாணத்த வச்சிடலாம்" என்றார். உன் அப்பா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பொறுக்கவில்லை. "எம் பொண்ணு சாமி இல்லன்னு சொல்லலங்க, சாமி எந்தத் தண்ணியில ஆரம்பிச்சாருன்னு தேடுறா, அத விடுன்னு சொல்ல எனக்கு வாய் வராது" என்றேன். இராயப்பன் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். வந்த சம்பந்தத்தைக் கெடுத்துவிட்டாய் என்று அப்பா என்னிடம் முகம் கொடுத்தே பேசவில்லை. நானும் இறங்கிப் போகவில்லை.

நேற்று சாப்பிடும்போது நானாகவே பேச்செடுத்தேன். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் மூச்சு முட்டி வருகிறவர்களுக்கு ஆக்சிஜன் வைத்தே என் காலம் போகிறது, ஆனால் ஆதியில் பூமிக்காற்றில் அது இல்லவே இல்லையாம், இருந்திருந்தால் உயிருக்கான பொருள்கள் சேரும்போதே கெட்டுப்போயிருக்குமாம் என்று நீ சொன்னதைச் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த அப்பா, "அப்ப காத்து ஒழுகுறதுதான் பாப்பாவுக்குத் தொந்தரவா? அத அடைக்க முடியாதா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

உனக்குப் பிடித்தவனை எப்போது கூட்டிவந்தாலும் கல்யாணம் செய்து வைப்போம், ஆனால் தோல்விக்குப் பயந்து ஒளிந்துகொள்ள ஒருவனைக் கட்டாதே. கூட வேலை செய்கிறவர்களிடம் குடுவையின் மூட்டுகளைப் பார்த்துத் தரக் கேள், கூச்சப்படாதே. வெறும் வயிற்றோடு போகாதே, கம்பளிக் காலுறை போட்டுக்கொள்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அப்பா இராயப்பன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பினார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "வேற எடம் பாத்துக்குங்க, எம் பொண்ணுக்கு வேல பாக்கி இருக்குன்னு சொல்லிட்டேன்" என்றார்.

ஆண்டவர் உன் கையைப் பலப்படுத்தட்டும். மூட்டுகளை அடைத்ததும் குடுவையில் புதுத் தண்ணீர் ஏற்ற மறக்காதே.

உன் அம்மா,
ஏலேன்